எலுமிச்சையடியில் ஊற்றிய பால்

நீர்வேலிச் சந்தியில் வண்டில் நிற்கவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. நாகேஸ்வரி சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இறங்கினாள். ஒரு கையில் பிள்ளைப்பெற்றவளுக்கு அவிக்கும் சரக்குப் பொட்டலம், மற்றக் கையில் நல்லெண்ணெய்ப் போத்தல். கொடிகாமத்திலிருந்து வழிநெடுக வண்டில்காரனோடு வாய்த்தர்க்கம் பண்ணிக்கொண்டு வந்ததில் தொண்டை கட்டிப்போயிருந்தது. மாடு நடக்கிறதா, நித்திரை கொள்கிறதா என்று அவள் கேட்காத மைல் இல்லை. கேட்க மாட்டாளா பின்னே? தங்கச்சி மீனாம்பிகைக்குப் பெண்குஞ்சு பிறந்து மூன்று நாள் ஆகிவிட்டது. செய்தி அன்று காலையில்தான் வந்தது.

நியாயப்படி மீனா கொடிகாமத்தில், அக்கா வீட்டில்தான் பெற்றிருக்க வேண்டும். ஏப்பிரலில் சப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டதும், அவளுடைய புருசன் பஞ்சலிங்கம், கொழும்பில் கிளாக்கர், அவளை ரயிலேற்றி அக்காவிடம்தான் அனுப்பினான். அவளுக்கு ஒன்பதாம் மாதம் தொடங்கியதும் அவனுடைய சனம் வந்து நின்றது. புருசனைத் தின்றவளின் வீடாம், ஒரு பிள்ளை தவழாத வீடாம், அங்கே தலைப்பிள்ளை பிறக்கக் கூடாதாம். மீனாவுக்குச் சீதனமாக வந்த நீர்வேலி வீடு இரண்டு வருசமாகப் பூட்டிக் கிடந்தது. அதைத் திறந்து கூட்டிக் கழுவி அவளைக் கொண்டுபோய் விட்டார்கள்; பிறகு ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. நாகேஸ்வரி கிணற்றடியில் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

இப்போது அந்த வீட்டுக்குள் காலை வைத்ததும் ஒரு மணம் வந்து முட்டியது. ஈரச் சுவரின் மணம், உக்கிய ஓலை மணம், இரண்டுக்கும் அடியில் ஊசிப்போன பாலைப் போலப் புளிப்பாக இன்னொன்று.

"இதென்ன மணம் சின்னாச்சியக்கா?"

பக்கத்து வளவுச் சின்னாச்சிதான் மூன்று நாளும் பெற்றவளோடு இருந்தவள். கண் இரண்டும் நித்திரையில்லாமல் சிவந்து கிடந்தன. "பூட்டிக் கிடந்த வீடு பிள்ளை. மாரியும் துடங்கிட்டுது. மணக்காமல் என்ன செய்யும்?" என்றாள் அவள். சொல்லும்போது பின்பக்கம், கோடிப்புறத்துக் கதவை ஒருக்கால் பார்த்தாள். நாகேஸ்வரி அதைக் கவனிக்கவில்லை.

மீனாவுக்கு அன்றைக்குத்தான் பால் இறங்கியிருந்தது. இறங்கிய பால் கொஞ்ச நஞ்சமல்ல. மார்பு இரண்டும் கல்லாகி, சட்டை நனைந்து, காய்ச்சலும் காய்ந்தது. பிள்ளை குடித்தது போக நாழிக்கணக்கில் மிஞ்சியது.

"பீச்சி எடு" என்றாள் சின்னாச்சி. "சிரட்டையிலை எடுத்துக் கால்படாத இடமாய்ப் பாத்து ஊத்து. மிதிபட்டால் பால் வத்திப்போம். நான் போய் ஒரு கண் நித்திரை கொண்டிட்டு வாறன்."

நாகேஸ்வரி சிரட்டையோடு மழையில் இறங்கினாள். முற்றம் கால்படும் இடம். கிணற்றடி கால்படும் இடம். வாழைகளுக்குள் வெள்ளம் வெட்டிவிட ஆள் வரும். கோடிப்புறத்து மூலையில் ஒரு எலுமிச்சை நின்றது. முள்ளுக் கொப்புகள் நிலத்தைத் தொட்டுக்கொண்டிருந்தன. அதற்குள் ஆடுகூட நுழையாது. கொப்பை விலக்கிப் பார்த்தாள். அடியில் மூன்று கற்கள் சேர்த்து வைத்தபடி இருந்தன. கற்களின் நடுவே பாலை ஊற்றினாள்.

வளவெல்லாம் வெள்ளம் நின்றது. ஒரு சொட்டு மழைத்தண்ணியைக்கூட ஏற்காத அந்த மண், பாலை மட்டும் ஊற்றிய கையோடு உறிஞ்சிவிட்டது.

நாகேஸ்வரிக்கு அதை யோசிக்க நேரமில்லை; குசினியில் சரக்குத்தண்ணி பொங்கிக்கொண்டிருந்தது. அன்று தொட்டு நாளுக்கு மூன்று தரம் அந்த மூலைக்கே போய் ஊற்றினாள்.

மூன்றாம் நாள் காலை எறும்பு வந்தது.

எறும்பு விசயத்தில் நாகேஸ்வரியிடம் ஒருத்தரும் வாய் கொடுக்க முடியாது. கொடிகாமத்தில் அவளுடைய பனங்கட்டிப் பானையை எறும்பு கனவிலும் கண்டதில்லை. "பிள்ளையார் எறும்பக்கா, கடிக்காது, விடுங்கோ" என்று மீனா சொல்லியும் அவள் கேட்கவில்லை.

"கடிக்காட்டில் வந்து குடியிருக்கலாமோ? இஞ்சை பார் மீனா, எறும்பு வீட்டுக்குள்ளை பிறக்கிறதில்லை. வெளியிலை இருக்கிறது. புத்துக்குள்ளை வெள்ளம் பூந்தால் ஒதுங்க வரும், இல்லாட்டில் தீன் தேடி வரும். கண்டதை நசுக்கி ஒரு பிரயோசனமும் இல்லை. முன்னுக்குப் போறது தன்ரை மணத்தை வழியிலை விட்டிட்டுப் போகும். பின்னாலை வாறது அதைப் பிடிச்சுக்கொண்டு வரும். வழியைத் துடைச்சு, வாற ஓட்டையை அடைச்சால் சரி."

சொன்னபடி செய்தாள். எலுமிச்சம் புளியால் வழியைத் துடைத்தாள். வாசற்படிக்குக் கீழே இருந்த வெடிப்பைக் களிமண்ணால் அடைத்தாள். சாம்பலும் மஞ்சளும் கலந்து கோடு போட்டாள். போட்டுவிட்டு நிமிர்ந்தபோதுதான் ஒன்று அவள் கண்ணில் பட்டது. குசினி வாசலில் பனங்கட்டித் துண்டொன்று விழுந்து கிடந்தது. எறும்பு வரிசை அதை ஒட்டிக்கொண்டே போனது. ஒரு எறும்பாவது நின்று மணந்து பார்க்கவில்லை.

வரிசை நேரே மீனாவின் அறைக்குள் போனது. சுவரேறி, கூரை வளை வழியே ஊர்ந்து, பிள்ளையின் ஏணை கட்டியிருந்த கயிற்றில் இறங்கியது.

நாகேஸ்வரி சீலையை விலக்கிப் பார்த்தாள்.

பிள்ளை நித்திரை. அதன் வாயைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம். எறும்புகள் உதட்டில் தலை வைத்துக் குடித்துக்கொண்டிருந்தன. குடித்து முடித்தவை ஒதுங்கிக்கொள்ள, அடுத்தவை அந்த இடத்துக்கு வந்தன. தள்ளுமுள்ளு இல்லை, அவசரம் இல்லை. திரும்பிப் போகும் எறும்புகளின் வயிறு மட்டும் வெள்ளையாக வீங்கியிருந்தது.

"ஐயோ என்ரை குஞ்சு!" என்று அவள் வாரி எடுத்துத் துடைத்தாள். உடம்பில் ஒரு கடி இல்லை, ஒரு தடிப்பு இல்லை.

கூப்பனுக்குக் கிடைத்த அரைப்போத்தல் மண்ணெண்ணெயில் பாதியைச் சீலைத்துண்டில் நனைத்துக் கயிற்றில் சுற்றினாள். இராவிளக்குக்கு என்ன செய்வது என்று மீனா கேட்டாள். இருட்டில் இருப்போம் என்று சீறினாள் அக்கா. மத்தியானத்துக்குள் முன்னால் வந்த எறும்புகள் மண்ணெண்ணெயில் ஒட்டிச் செத்தன. பின்னால் வந்தவை அவற்றின் மேல் நடந்தன. செத்தவையே பாலமாகிவிட்டன. பிள்ளையைக் கட்டிலில் போட்டுக் கட்டிற்கால்களுக்குத் தண்ணீர்ச் சிரட்டை வைத்தாள். முகட்டிலிருந்து ஒன்றொன்றாக விழுந்தன.

ஒரு கிழமையில், ஏழே நாளில், பிள்ளை பாதியாயிற்று.

பால் இல்லாமல் அல்ல. பொழுதுக்கும் குடித்தது. தொண்டை அசைவதை நாகேஸ்வரி பக்கத்தில் இருந்து பார்த்தாள். குடிக்கக் குடிக்கக் கன்னம் ஒட்டியது, விரல் சுருங்கியது, அழுகை மெலிந்து மெலிந்து கடைசியில் வெறும் மூச்சாயிற்று. கையில் தூக்கினால் சீலையின் பாரம்தான் இருந்தது.

பரியாரியார் வந்து பார்த்தார், உரை மருந்து தந்தார், போனார். ஊர்ச்சனம் வேலிக்கு மேலால் பார்த்தது. பிள்ளையில்லாதவள் பொழுதுக்கும் மடியில் வைத்திருந்தால் பச்சைமண் தேறுமோ என்று கதைத்தது. நாகேஸ்வரியின் காதில் விழவேண்டும் என்றே கதைத்தது.

அதற்கு அவள் அழவில்லை. பிள்ளை பிறந்த பதினாலாம் நாள் காலை, அதைத் துடைக்கக் கையை நீட்டினபோது மீனா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாளே, அதற்குத்தான் அழுதாள்.

"குறை நினைக்காதேங்கோ அக்கா" என்றாள் மீனா, முகத்தைக் காட்டாமல். "கொஞ்ச நாளைக்குப் பிள்ளையைத் தூக்காதேங்கோ. எனக்குப் பயமாயிருக்கு."

நாகேஸ்வரி சீலைத்தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குசினிக்கு வந்தாள். இந்தப் பிள்ளை போனால் தங்கச்சியும் போய்விடுவாள். உயிரோடு இருந்தாலும் தன் முகத்தில் விழிக்க மாட்டாள். உலகத்தில் வேறு யார் இருக்கினம் அவளுக்கு? அடுப்படியில் குந்தியிருந்து கண்ணைத் துடைத்தபோது, அந்தக் கறுப்பு வரிசை அவளுடைய காலடியால் போய்க்கொண்டிருந்தது.

அவளுக்கு ஆத்திரம் வந்தது. "இரு, உன்ரை புத்தைக் கண்டுபிடிச்சு வேரோடை அழிக்கிறன்" என்று எழும்பினாள்.

மத்தியானம். மழை விட்டிருந்தது. காற்று அசையவில்லை. வெள்ளை வயிற்று எறும்புகளின் பின்னால் குனிந்தபடி நடந்தாள். வாசற்படிக்கடியில் புதிதாக ஒரு ஓட்டை. சுவரோரமாக வரிசை போனது. குசினியைச் சுற்றியது. கோடிப்புறத்துக்குத் திரும்பியது.

எலுமிச்சையடிக்குப் போனது.

கொப்புகளை விலக்கினாள். முள் கையைக் கிழித்தது. மூன்று கற்களின் நடுவே, அவள் பத்து நாளாகப் பால் ஊற்றிய அதே இடத்தில், கட்டைவிரல் பருமனில் ஒரு துவாரம். எறும்புகள் வீங்கிய வயிற்றோடு உள்ளே போய், ஒட்டிய வயிற்றோடு வெளியே வந்தன.

புளித்த பால் மணம் குப்பென்று அடித்தது.

உள்ளே ஏதோ சத்தம் கேட்டது.

அவள் துவாரத்துக்குக் கிட்டக் காதை வைத்தாள்.

சப்... சப்... சப்.

மண்ணுக்குள் தண்ணீர் சுவறுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இரண்டு தரம் சொன்னாள். பிறகு குசினிக்கு ஓடிப்போய்க் கொதித்துக்கொண்டிருந்த தண்ணிப்பானையைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஓடிய வேகத்தில் காலில் தெறித்தது, உறைக்கவில்லை. துவாரத்துக்குள் முழுப்பானையையும் சரித்தாள்.

மண்ணுக்குள்ளிருந்து ஒரு பிள்ளை வீரிட்டு அழுதது.

பானை கைநழுவிக் கல்லில் உடைந்தது. நாகேஸ்வரி திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் ஓடினாள். "அக்கா! அக்கா!" என்று மீனா கத்திக்கொண்டிருந்தாள்.

மடியில் கிடந்த பிள்ளை முகம் நீலம்பாரித்து, வாயை ஆவென்று திறந்து அழுதுகொண்டிருந்தது. தொண்டை துடித்தது. முட்டி துடித்தது.

சத்தம் வரவில்லை.

அது வாயைத் திறக்கும்போது எலுமிச்சையடியில் அழுகை எழுந்தது. அது வாயை மூடும்போது எலுமிச்சையடியிலும் நின்றது.

சின்னாச்சி வேலிப் பொட்டு வழியாகப் புகுந்து விழுந்தடித்து வந்தாள். வந்தவள் கோடிப்புறத்து வாசலில் உடைந்த பானையையும் மூலையையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"பாலை எங்கை ஊத்தினனி?" என்றாள் அவள், மூலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நாகேசு, எங்கை ஊத்தினனி?"

நாகேஸ்வரி கையைக் காட்டினாள்.

"அம்மாளாச்சி!" சின்னாச்சி நிலத்தில் குந்திவிட்டாள். "உங்கடை வீட்டிலை வாடகைக்கு இருந்தினமே, அந்த வாத்தியார் குடும்பம். அவையின்ரை பிள்ளை பன்ரெண்டாம் நாள் செத்தது. உதிலைதான் குழி வெட்டித் தாட்டது. தாய்க்கு மனம் ஆறேல்லை. பால் வத்துமட்டும் மத்தியானம் மத்தியானம் வந்து, அந்தக் கல்லுக்கு மேலை பீச்சிவிடுவாள். எறும்பு வந்து தின்னும், பிள்ளை குடிக்குது எண்டு சொல்லிச் சிரிப்பாள். ஒரு நாள் வெளிக்கிட்டு மலாயாவுக்குப் போயிட்டினம். இப்ப சப்பான்காரனிட்டை அம்பிட்டு என்ன பாடோ."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"வயித்துப்பிள்ளைக்காரி இருக்கிற வீட்டிலை உதைச் சொல்லுறதே? பெத்த பிறகும் துடக்கு வீட்டிலை சாவைப்பற்றிக் கதைக்கிறதே? முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழியட்டும் எண்டு இருந்தனான்." அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "பாலைக் காட்டிப் பழக்கிப்போட்டு விட்டிட்டுப் போன பிள்ளை நாகேசு. பசியோடை கிடந்ததை நீ திரும்பக் கூப்பிட்டிட்டாய்."

அறைக்குள் மீனா ஓலமிட்டாள். "அக்கா, மூச்சு நிக்குது!"

நாகேஸ்வரி ஓடினாள். அறைக்கு அல்ல. எலுமிச்சையடிக்கு.

சேற்றில் முழந்தாள் குத்தினாள். கல்லிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. வாயைத் திறந்ததும் அவளுக்குத் தெரிந்த ஒரே பாசை, ஏச்சுத்தான் வந்தது.

"வெக்கமில்லையே உனக்கு? ஒரு பச்சைமண்ணின்ரை வாயிலை இருந்து பறிச்சுக் குடிக்கிறியே? அதுக்கும் பசிக்காதே?"

உள்ளே அழுகை விக்கலாக இறங்கியது. ஏச்சு வாங்கிய பிள்ளை விக்குவது போலவே இருந்தது. நாகேஸ்வரி சூட்டையும் பாராமல் கல்லில் கையை வைத்தாள்.

"சுட்டுப்போட்டன் என்ன, சுட்டுப்போட்டன். தெரியாமல் செய்திட்டன் ராசா. இஞ்சை கேள். பால் தர என்னட்டைப் பாலில்லை. தாய் வேணுமெண்டால் நான் இருக்கிறன். என்னையும் ஒருத்தரும் அம்மா எண்டு கூப்பிட்டதில்லை. நீ என்னோடை வா. நான் உன்னை விட்டிட்டு ஒரு இடமும் போகன். அவளை மட்டும் விட்டிடு. விட்டிடு என்ரை குஞ்சு."

அழுகை நின்றது.

வரிசையில் போய்க்கொண்டிருந்த எறும்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. போகிறவையும் நின்றன, வருகிறவையும் நின்றன. தலைகள் அவள் பக்கம் திரும்பின. ஒரே ஒரு எறும்பு மட்டும் வரிசையை விட்டு வந்து, அவளுடைய கைவிரலில் ஏறி, மணந்து பார்த்துவிட்டு இறங்கிப் போயிற்று.

வீட்டுக்குள் பிள்ளை அழுதது. தன் சொந்தக் குரலில், காது கிழியும்படி அழுதது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு எறும்பு தலை காட்டவில்லை. பிள்ளை நாளுக்கு நாள் ஊதிக் கொழுத்தது. முப்பத்தொன்றுக்கு லீவில் வந்த பஞ்சலிங்கம், மச்சாள் கைபட்டால் பட்டணத்துக் கோட்டையிலும் எறும்பு இராது என்று பகிடி விட்டான். மீனா அக்காவின் மடியில் பிள்ளையைக் கிடத்திவிட்டு, தன் தலையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். துடக்குக் கழிந்த மூன்றாம் நாள் நாகேஸ்வரி கொடிகாமத்துக்குத் திரும்பினாள்.

வண்டில்காரன் அன்றைக்கு மாட்டை இரண்டு இடத்தில் நிறுத்தி இளைப்பாற விட்டான். வரும்போது ஒரு ஆள், போகும்போதும் ஒரு ஆள், ஆனால் மாடு இழுக்க மாட்டேன் என்கிறதே என்று புறுபுறுத்தான். நாகேஸ்வரி அவனோடு தர்க்கம் பண்ணவில்லை.

தை பிறந்தது. மழை போய்க் கொடிகாமத்து மணல் காய்ந்து சுட்டது. எறும்பு வர ஒரு காரணமும் இல்லாத காலம். ஒரு மத்தியானம் உண்ட களையில் நாகேஸ்வரி பாயில் சரிந்தாள். நெஞ்சு கனத்து வலித்து முழிப்பு வந்தது. சட்டை நனைந்திருந்தது. வியர்வை என்று கையால் துடைத்தாள்.

கையில் பிசுபிசுத்தது. வெள்ளையாக இருந்தது.

முப்பத்தொன்பது வயது. ஒரு பிள்ளை சுமக்காத உடம்பு.

எழும்ப முயன்றாள், கால் கேட்கவில்லை. பாயைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம் நின்றது. வாசற்படியிலிருந்து வரிசை வந்து வளையத்தோடு சேர்ந்துகொண்டிருந்தது. அவளுக்குப் பக்கத்தில் பாயில் ஒரு முழ நீளத்துக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அந்த இடத்தில் மட்டும் ஒரு எறும்பும் கால் வைக்கவில்லை.

பள்ளத்துக்குள்ளிருந்து அழுகை கேட்டது.

"நாகேசு!" வேலிக்கு அந்தப் பக்கம் அயல்வீட்டு இரத்தினம்மா கூப்பிட்டாள். "உங்கை ஆரின்ரை பிள்ளை அழுகுது?"

நாகேஸ்வரி குசினியைப் பார்த்தாள். அடுப்பு நிறையச் சாம்பல் இருந்தது. மாடத்தில் மண்ணெண்ணெய்ப் போத்தல் இருந்தது. இங்கே பிள்ளை ஒன்றும் இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், இது போய்விடும். எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும். நீர்வேலியில் மீனாவின் பிள்ளை இப்போதுதான் முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியிருந்தது.

எறும்புகள் அசையாமல் காத்திருந்தன. அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"என்ரை பிள்ளை" என்றாள்.

அழுகை நின்றுவிட்டது.

பிறகு, கிணற்றுத் தண்ணியின் குளிரோடு, பல்லில்லாத ஒரு சின்ன வாய் அவளுடைய மார்பைத் தேடிப் பிடித்தது.